வாடகை வீட்டில் ஓர் இரவுப் பேய்

அக்டோபர் கடைசியும் நவம்பர் தொடக்கமும் கேரள-தமிழ்நாடு எல்லையிலுள்ள பனச்சமூட்டில் முட்டி மோதிக்கொண்டு வருகின்றன. நவம்பர் 1 கேரளம் பிறந்த நாள். 1956-இல் அதே நாளில்தான் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து பிரிந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன; நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. கத்தோலிக்கருக்கு நவம்பர் 1 அனைத்துப் புனிதர் பெருவிழா, மறுநாள் கல்லறைத் திருநாள். இவ்வளவுக்கும் முந்தைய இரவில், அக்டோபர் 31-இல், இப்போது ஹாலோவீன் என்று ஒன்று நுழைந்திருக்கிறது. அது நுழைந்த வழியைத் தேடி அலைய வேண்டியதில்லை. கேரளச் செவிலியர்கள் அயர்லாந்திலும் பிரிட்டனிலும் ஏராளம். அங்கே வளரும் பிள்ளைகள் எலும்புக்கூடு உடுப்பில் எடுத்த படம் அன்று இரவே இங்குள்ள சித்தி மகளின் கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. நமக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று அவள் கேட்பதில் அதிசயமில்லை. அவள் இருப்பது வாடகை வீடு என்றால்தான் சிக்கல். காரக்கோணம் மருத்துவக் கல்லூரியில் படிக்கிறவர்கள், இடமாற்றத்தில் வந்த ஆசிரியர்கள், வங்கிக்காரர்கள், சந்தையில் கடை வைத்திருப்பவர்கள் எனச் சொந்த வீடு இல்லாதவர்கள் இந்தப் பக்கத்தில் கணிசமாக இருக்கிறார்கள். வீட்டுக்காரர் பெரும்பாலும் பக்கத்து வீட்டிலோ மாடியிலோ இருப்பார். அவர் சுவரில் பேய் படம் ஒட்டலாமா?

ஒட்டக்கூடாது என்பது என் கட்சி. அதற்காகக் கொண்டாட்டத்தையே கைவிட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. இந்த மண்ணில் பயமுறுத்தும் அலங்காரங்கள் எல்லாமே காலங்காலமாக வாசலுக்கு வெளியே, அழுகிப் போகும் பொருளில், ஒரே இரவுக்காகச் செய்யப்பட்டவை. வாடகைக்கு இருப்பவருக்குத் தேவையானதும் அதே மூன்றுதான். ஆணி அடிக்க முடியாத வீட்டில் இருக்கிறோமே என்று ஏங்குகிறவர், பயமுறுத்தும் கலைக்கு ஆணியே தேவைப்பட்டதில்லை என்பதைக் கவனித்தால் போதும்.

முதலில் சுவரைப் பார்ப்போம். தென் திருவிதாங்கூர் மண்ணுக்கு இரண்டு மழை. ஜூனில் இடவப்பாதி தொடங்கி ஓயும்போது, அக்டோபர் நடுவில் துலாவர்ஷம் வந்துவிடும். காலையில் வெயில், பிற்பகலில் கருமேகம், மாலையில் இடியும் மின்னலுமாகக் கொட்டும் மழை. ஆக, அக்டோபர் கடைசியில் இங்குள்ள சுவர் நாலைந்து மாதமாகச் சரியாகக் காயாத சுவர். ஈரம் ஏறிய பூச்சின் மேல் பெயின்ட் வெறுமனே ஒட்டிக்கொண்டிருக்கும். உள்ளே பிடிப்பு இருக்காது. இரட்டைப் பக்க டேப்பை ஒட்டி மறுநாள் பிய்த்தால் டேப்போடு பெயின்டும் அதன் அடியிலுள்ள வெள்ளைப் பட்டையும் ஏடாக உரிந்து வரும். டேப் வேண்டாம், ஆணி அடிக்கிறேன் என்றால், சிமென்ட் பூச்சு ஆணியைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குச் சிதறும். அந்தத் துளை வழியே அடுத்த மழையில் ஈரம் இறங்கும். மார்ச்சில் ஒட்டினால் ஒருவேளை தப்பிக்கலாம். இந்தப் பண்டிகையோ சுவர் மிகவும் பலவீனமாக இருக்கும் வாரத்தில் வந்து நிற்கிறது. குளிரும் வறண்ட காற்றுமாக அக்டோபர் கழியும் ஊர்களில் எடுத்த அலங்காரப் படங்களைப் பார்த்து இங்கே அப்படியே செய்ய முயல்வது அட்வான்ஸ் தொகையைப் பணயம் வைக்கும் காரியம்.

சட்டமும் ஏறத்தாழ இதையே சொல்கிறது. பனச்சமூட்டில் வெள்ளறடைப் பஞ்சாயத்தின் எல்லை முடிகிற இடத்தில் தமிழ்நாடு தொடங்கிவிடுகிறது; புலியூர்சாலைப் பக்கம் வீடு எடுத்தால் மாநிலமே வேறு. ஆனால் 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம் இரண்டு பக்கத்துக்கும் பொது. அதன் 108-ஆவது பிரிவு, வீடு கைக்கு வந்தபோது இருந்த நிலையிலேயே அதைத் திருப்பித் தர வேண்டும், நியாயமான தேய்மானமும் தடுக்க முடியாத சக்தியால் வந்த மாற்றமும் மட்டும் விலக்கு என்கிறது. நிரந்தரக் கட்டுமானம் எதுவும் உரிமையாளர் சம்மதமின்றி எழுப்பக்கூடாது என்றும் அதிலேயே இருக்கிறது. கேரளத்தின் 1965-ஆம் ஆண்டுக் கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடப்பில் உள்ள இடங்களில், கட்டடத்தின் மதிப்பையோ பயனையோ பெரிதாகவும் நிரந்தரமாகவும் கெடுக்கும் வகையில் பயன்படுத்தினால் வெளியேற்றக் கோரலாம். தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் நகர்ப்பகுதிகளில் 2019 பிப்ரவரி முதல் நடப்பில் இருக்கிறது; சுவருக்கு வெள்ளையடிப்பதை அது வீட்டுக்காரர் கணக்கில் வைக்கிறது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் முன்பணத்தை மூன்று மாத வாடகைக்குள் நிறுத்துகிறது. நாலு ஆணித் துளைக்காக யாரும் நீதிமன்றம் போகப் போவதில்லை என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் வாடகை வழக்குகள் நீதிமன்றத்தில் தீர்வதைவிட, காலி செய்யும் நாளில் திண்ணையில் நின்றபடியே தீர்கின்றன. அங்கே தேய்மானம் எது, சேதம் எது என்று முடிவு செய்கிற கையில்தான் அட்வான்ஸ் பணமும் இருக்கிறது.

சுவர் வேண்டாம் என்றால் மிச்சம் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு இந்த வட்டாரமே பதில். வெள்ளாயணி பத்ரகாளி கோயிலில் மூன்றாண்டுக்கு ஒருமுறை காளியூட்டு நடக்கும்போது, காளியும் அசுரன் தாரிகனும் வானில் நின்று சண்டையிடுவதைக் காட்டத் தென்னந்தடியும் கமுகந்தடியும் கட்டி மிக உயரமான பரண்கள் எழுப்புகிறார்கள். இரவு முழுக்க அந்தப் பரண்களின் மேலிருந்து சவால் பறக்கும். விழா முடிந்ததும் பரணை அவிழ்த்துவிடுவார்கள். பத்தனம்திட்டைப் பக்கம் கடம்மனிட்டையில் நடக்கும் படையணியில் யட்சி, மாடன், மறுதா, காலன், பைரவி எல்லாரும் பச்சைக் கமுகம்பாளையில் வரையப்பட்டுத் தலையேறுகிறார்கள். வெள்ளைக்குப் பாளையின் உள்நிறம், மஞ்சளுக்கு மஞ்சள், கறுப்புக்குக் கரி. தீப்பந்த வெளிச்சத்தில் அந்த முகம் ஆடும்போது பெரியவர்களுக்கே மயிர் கூச்செறியும். அடுத்த நாள் பாளை வாடிச் சுருண்டுவிடும். அதைப் பத்திரப்படுத்தி அடுத்த ஆண்டு எடுத்து மாட்ட முடியாது. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் புதிதாக வரையக் கற்றுக்கொண்டே ஆக வேண்டியிருக்கிறது.

வீடு வீடாகப் போகிற வழக்கமும் நமக்குப் புதிதில்லை. தென் திருவிதாங்கூரில் ஓண நாட்களில் சிறுவர்கள் காய்ந்த வாழைச்சருகை உடம்பு தெரியாமல் கட்டிக்கொண்டு கரியிலை மாடனாக ஒவ்வொரு முற்றத்திலும் ஆடிக் காசு வாங்கியதுண்டு. ஐப்பசிக்கு இன்னும் நெருக்கமாக வருவது குலசேகரன்பட்டினம். முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு நேர்ந்துகொண்டவர்கள் காளியாக, குரங்காக, பேயாக, பிச்சைக்காரராக வேடமிட்டு, ஊர் ஊராகப் போய் வாங்கிய காணிக்கையைக் கொண்டுவந்து கோயிலில் சேர்க்கிறார்கள். பத்தாம் நாள் கடற்கரையில் சூரசம்காரம். தசராக் குழுக்கள் தங்குவதற்கு ஊர்ப் பொது இடத்தில் ஓலைக் குடில் போட்டுக்கொள்கின்றன. விழாவுக்குப் பின் குடிலைப் பிரித்து இடத்தைக் காலியாக விடுகிறார்கள். அங்கே காளி வேடம் போட்ட எவரும் அதற்காகத் தன் வீட்டுச் சுவரில் கறுப்புச் சாயம் பூசியதில்லை. உடலும் ஓலையும் இருட்டும் போதுமானதாக இருந்தன.

இதெல்லாம் கோயில் சடங்கு, அதைக் கொண்டுபோய் வெளிநாட்டுக் கேளிக்கையோடு கட்டலாமா என்று கேட்கலாம். சடங்கையே வீட்டுக்குள் கொண்டுவரச் சொல்லவில்லை. முத்தாரம்மன் வேடத்தையோ படையணிக் கோலத்தையோ பிறந்தநாள் விருந்துக்கு எடுத்தாள்வது அழகும் இல்லை. நான் எடுத்துக்கொள்வது பொருளையும் முறையையும் மட்டும். அந்த அளவுக்கு ஹாலோவீனே இடம் தருகிறது. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் முதலில் குடைந்தது பூசணியை அன்று, டர்னிப் கிழங்கை. இன்று அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தப் பழைய டர்னிப் முகங்கள் பூசணி முகத்தைவிடப் பலமடங்கு கோரமானவை. 1840-களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் கூட்டம் கூட்டமாக அமெரிக்காவுக்குக் கப்பலேறிய ஐரிஷ்காரர்கள் அங்கே பெரிதாகவும் மெத்தென்றும் கிடைத்த பூசணிக்கு மாறினார்கள். போன இடத்தில் விளைந்ததை எடுத்துக்கொள்வதுதான் அந்தப் பண்டிகையின் பழக்கம். பனச்சமூட்டுச் சந்தைக்கு வந்த பிறகு அது பப்பாளிக்கும் சிரட்டைக்கும் மாறுவதில் யாருக்கும் நஷ்டமில்லை. ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் பூசணியை விலை கொடுத்து வாங்குகிறவர்தான் மரபை மீறுகிறார் என்று வாதாடக்கூட இடமுண்டு.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது. இந்த மண்ணில் அதை யாரும் லேசாக ஒதுக்க முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் இங்கே பேயை விரட்டும் வேலைதான் நடந்தது. சாமித்தோப்பில் 1809-இல் பிறந்த வைகுண்டர், பேய்களுக்குப் பலி கொடுப்பதை நிறுத்தச் சொல்லித் தன் மக்களைத் திரட்டினார். லண்டன் மிஷன் சங்கத்தார் மதம் மாறியவர்களின் பேய்க்கோயில்களை இடிக்கச் செய்தார்கள்; பாறசாலையிலும் திருவனந்தபுரத்திலும் பணியாற்றிய சாமுவேல் மெட்டீர் 1871-இல் திருவிதாங்கூரைப் பற்றி எழுதிய நூலில் பேய் வழிபாட்டுக்கு நிறையவே இடம் தந்திருக்கிறார். 1888-இல் நெய்யாற்றின் கரையில் அருவிப்புறத்தில் சிவலிங்கம் நாட்டிய நாராயண குரு, மாடனையும் மறுதாவையும் கள்ளும் கோழியும் படைத்துக் கும்பிட்டவர்களை அதிலிருந்து மீட்டார். மூன்று பேரும் மூன்று திசையில் நின்றவர்கள். பயத்தின் பெயரால் ஏழைகளின் கையில் மிஞ்சிய காசும் பறிபோகிறது என்பதில் மட்டும் அவர்களுக்குள் வேறுபாடில்லை. இவ்வளவு பாடுபட்டு வாசலிலிருந்து துரத்திய பேயை, இப்போது மின்விளக்குப் போட்டு வாசலிலேயே உட்கார வைப்பதா?

இந்தக் கேள்விக்கு என் பதில்: விரட்டியதால்தான் உட்கார வைக்க முடிகிறது. கள்ளியங்காட்டு நீலி என்ற யட்சி உண்மையாகவே வழியில் நிற்கிறாள் என்று நம்புகிறவன் நீலி வேடம் போட்டு விளையாட மாட்டான். இருட்டிய பின் அவள் பெயரைச் சொல்லவே தயங்குவான். அவள் கதை வில்லுப்பாட்டில் பாடப்பட்டு, பிறகு பாடநூலுக்கும் திரைக்கும் வந்து சேர்ந்தது. நம்பிக்கை இளகிக் கதையாக மாறுவதற்கு அவ்வளவு காலம் பிடித்தது. மலையாற்றூர் ராமகிருஷ்ணன் 1967-இல் யட்சி என்று ஒரு நாவலே எழுதினார். அதில் பயம் யட்சியிடம் இல்லை, சந்தேகப்படுகிற மனிதனிடம் இருந்தது. 1969-இல் கானாயி குஞ்ஞிராமன் மலம்புழை அணைப் பூங்காவில் பிரம்மாண்டமான யட்சியைச் செதுக்கி வைத்தபோது, பிள்ளை குட்டிகளோடு அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்ளும் கூட்டம் உருவானது. பயத்தை விளையாட்டாக்குவது சீர்திருத்தக்காரர்களின் வேலையைத் தொடர்வதாகவே எனக்குப் படுகிறது. பத்து வயதுப் பிள்ளை தானே செய்த பேய் முகத்தை மாட்டிக் கண்ணாடி முன் நின்றுவிட்டால், அதன்பின் யாராவது ஒரு மந்திரவாதி அவளைப் பேய் சொல்லி மிரட்டுவது கொஞ்சம் கடினம்.

ஆனால் அந்த வேலை முழுதாக முடிந்துவிட்டது என்று யாராவது சொன்னால் அது பொய். கூடோத்திரம் (செய்வினை) என்ற சொல்லைக் கேட்டு முகம் மாறாதவர்கள் எல்லையின் இரு பக்கமும் குறைவு. வாசலில் குங்குமம் தடவிய எலுமிச்சை கிடந்தால், வாழை மூட்டில் முட்டையோ செப்புத் தகடோ புதைத்திருந்தால், துணிப் பொம்மையில் ஊசி குத்தியிருந்தால், படித்த வீட்டிலும் அன்று சோறு இறங்காது. 2022 அக்டோபரில் பத்தனம்திட்டை மாவட்டம் இலந்தூரில் செல்வம் வருமென்று இரண்டு பெண்களைப் பலி கொடுத்த கொடுமை வெளியே வந்தது. எல்லாருக்கும் எழுத்தறிவுள்ள மாநிலம் என்ற பெருமை அன்று தலைகுனிந்தது. மகாராஷ்டிரம் 2013-இல் இதற்கெனத் தனிச் சட்டம் கொண்டுவந்தது. கேரளத்தில் அப்படியொரு சட்டம் வேண்டும் என்ற பேச்சு ஒவ்வொரு கொடுமைக்குப் பிறகும் எழுந்து அடங்குகிறது. இப்படிப்பட்ட ஊரில் ரத்தம் வடியும் கையை வாசலில் தொங்கவிடுவதை எதிர்வீட்டு அம்மா வேடிக்கையாக எடுத்துக்கொள்வார் என்று எதிர்பார்ப்பது அறிவீனம். வாடகைக்கு வந்தவர் ஊருக்குப் புதியவர். அவர் வாசலில் கிடப்பதை நல்ல அர்த்தத்தில் படிக்க ஊருக்குக் கட்டாயம் எதுவும் இல்லை.

ஆகவே எதை வைப்பது என்பதற்கு முன் எதை வைக்கக்கூடாது என்று தெரிய வேண்டும். வேடிக்கை என்னவென்றால், விலக்க வேண்டிய பட்டியலில் முதலிடம் பூசணிக்கு. தடியங்காய் எனும் வெண்பூசணியில் குங்குமமும் கற்பூரமும் வைத்துச் சுற்றி உடைப்பது ஆயுத பூசைக்கு. முகம் வரைந்து கட்டித் தொங்கவிடுவது கட்டி முடியாத வீட்டுக்கு. இரண்டுமே கண்ணேறு கழிக்கும் செயல். கறித்தோட்டத்து மஞ்சள் மத்தங்காய் அந்த வகையில் சேராது என்று வாதாடலாம்தான். ஆனால் ராத்திரி எட்டு மணிக்குத் தெருவில் போகிறவருக்குத் தெரிவது கண்ணும் பல்லும் வெட்டிய ஒரு காய். அது தடியங்காயா மத்தங்காயா என்று அவர் நின்று ஆராயப் போவதில்லை. எலுமிச்சை, முட்டை, குங்குமம், துணிப் பொம்மை, தலைமுடி, சாம்பல் இவை எதுவும் வேண்டாம். தெர்மாகோலில் கல்லறை செய்து சிலுவை நடுவது இரட்டைத் தவறு. இரண்டு நாள் கழித்து அதே தெருக்காரர் தன் தாயின் கல்லறைக்கு மெழுகுதிரி எடுத்துப் போக இருக்கிறார்; போதாததற்கு, அலங்காரத்துக்கான தெர்மாகோல் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை செய்யப்பட்ட பொருள். கடையில் பஞ்சுபோல் இழுத்து மாட்டும் செயற்கைச் சிலந்தி வலையும் வேண்டாம். திறந்த வெளியில் அது தேன்சிட்டுக்கும் தேனீக்கும் கண்ணி.

இனி வைக்கக்கூடியவை. மட்டை உரித்த தேங்காயைக் குறுக்கே உடைத்தால் மூன்று கண் உள்ள பாதி ஒன்று கிடைக்கும். தேங்காய்க் கண்கள் மூன்றில் ஒன்று மெல்லியது, குச்சியால் குத்தினாலே திறக்கும்; மற்ற இரண்டைத் துளைக்கச் சிறு துரப்பணம் வேண்டும். கண் பக்கம் தெருவைப் பார்க்கும்படி அந்தச் சிரட்டையைச் சாய்த்து வைத்து உள்ளே ஒரு சிறு பேட்டரி விளக்கு வைத்தால், இரண்டு கண்ணும் ஒரு வாயுமாக ஒரு முகம் இருட்டில் விழித்துப் பார்க்கும். கத்தியால் செதுக்க வேண்டிய அவசியமே இல்லை. ரப்பர் தோட்டத்தில் பால் வடியக் கட்டியிருந்த பழைய சிரட்டைகள் கிடைத்தால் இன்னும் நல்லது. பால் உறைந்து கறுத்த அதன் தோற்றமே ஒரு தினுசு. படிக்கட்டில் இருபது முப்பது சிரட்டைகளை வரிசையில்லாமல் பரப்பிவிட்டால் விலைக்கு வாங்கும் எந்தப் பொம்மையும் அதன் அருகில் நிற்க முடியாது. பச்சைப் பப்பாளியைக் குடைந்தால் தோல் வழியாகவே பச்சை ஒளி கசியும்; துலாமழை ஈரத்தில் அது இரண்டாம் நாளே பூசணம் பிடித்துவிடும் என்பதால் அன்று மதியம் குடைவதே சரி. விழுந்து கிடக்கும் கமுகம்பாளையில் கரியும் மஞ்சளும் கொண்டு பிள்ளைகள் தாங்களே கற்பனை செய்த முகத்தை வரையலாம். முருங்கைக் கொம்போ மரச்சீனிக் கம்போ நட்டு அதன்மேல் ஒரு வெள்ளைத் துவர்த்தை (துண்டை) போர்த்திக் கீழிருந்து விளக்கடித்தால் சுவர் முழுக்க நிழல் எழும். வீட்டுக்காரர் சுவரைத் தொடாமல் அதை நிரப்ப வேறு வழியே தேவையில்லை. நிழலுக்கு டேப் வேண்டாம்.

ஒளி விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். அழகு முழுவதும் இருட்டில் இருக்கிறது. கலர் சீரியல் பல்புகளை வீடு முழுக்கச் சுற்றுகிறவர் கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறார், பேய் ராத்திரியை அன்று. அருமனைப் பக்கம் டிசம்பரில் அதற்கு ஊரே இருக்கிறது. அக்டோபர் 31-இல் வாசல் டியூப் லைட்டை அணைப்பதுதான் முதல் அலங்காரம். பிறகு தாழ்வான இடத்தில் நாலைந்து சிறு ஒளி. முகத்துக்குக் கீழிருந்து வரும் வெளிச்சம் பழகிய முகத்தையும் அந்நியமாக்கும். வாழைச்சருகும் காய்ந்த ஓலையும் இருக்கிற இடத்தில் மெழுகுதிரியும் எண்ணெய் விளக்கும் கூடவே கூடாது. தீ வைத்தேதான் ஆக வேண்டும் என்றால் ஈரமான வாழைத்தடையில் குழி தோண்டி, சருகிலிருந்து நன்றாகத் தள்ளி நிறுத்தலாம். வயர் இழுத்து விளக்குப் போடுவதாக இருந்தால் பிளக்கும் அடாப்டரும் மழைபடாத உள்ளிடத்தில் இருக்க வேண்டும். இடி முழங்கினால் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். அந்த வாரத்தில் மாலை இடி என்பது இந்தப் பகுதியில் ஏறக்குறைய அன்றாட நிகழ்ச்சி.

சபைகளின் மறுப்பையும் பேசாமல் விட முடியாது. 1996-இல் உருவான நெய்யாற்றின்கரை மறைமாவட்டமும் எல்லைக்கு அப்பால் குழித்துறை மறைமாவட்டமும் சிஎஸ்ஐ சபைகளும் சூழ்ந்த இடம் இது. கேரளத்துக் கத்தோலிக்கக் குருக்கள் பலர் ஹாலோவீனை ஏற்பதில்லை. தீய சக்திகளைக் கொண்டாடுவதாகவும் பிள்ளைகளின் மனத்தைக் கெடுப்பதாகவும் சொல்கிறார்கள். 2002-இல் பாரிஸ் உயர்மறைமாவட்டம் தொடங்கிய மாற்று விழாவைப் பின்பற்றி, அன்று பிள்ளைகளுக்குப் புனிதர் வேடம் போடும் பங்குகள் இங்கும் உண்டு. அவர்கள் பக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. க்ளூனி மடத்தின் தலைவர் ஓடிலோ ஏறத்தாழ 998-இல் நவம்பர் 2-ஐ இறந்தோர் நினைவுக்கு ஒதுக்கியபோது, இறந்தவர்கள் நம் மன்றாட்டு வேண்டியவர்கள் என்பதுதான் கருத்து. அவர்களை அசிங்கமான எலும்புக்கூடாக்கி இனிப்புக் கேட்க அனுப்புவது அந்தக் கருத்துக்கு நேர் எதிர். ஆனால் இந்த நியாயம் எலும்பையும் கல்லறையையும் பிணத்தையும்தான் தடுக்கிறது. சிரட்டை முகத்தையும் பாளை மாடனையும் அது தொடாது. இறந்தவரை நினைவூட்டாத பேய்கள் நம் கதைகளில் தாராளமாக இருக்கின்றன. மரமேறும் குட்டிச்சாத்தானும், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்டு வழிமறிக்கும் யட்சியும் யாருடைய பாட்டியும் அல்லர். அண்டை வீட்டில் அந்த ஆண்டு மரணம் நேர்ந்திருந்தால் மட்டும், அந்த ஆண்டு அலங்காரமே வேண்டாம். அதற்கு விளக்கம் தேவைப்படாது.

கடைசியாகப் பணக் கணக்கு. அமெரிக்காவில் இந்தப் பண்டிகைக்கு ஆண்டுதோறும் 1,000 கோடி டாலருக்கு மேல் செலவாகிறது. அதில் ஒரு பங்கு ஒரு முறை மாட்டிவிட்டுக் குப்பைக்கு எறியும் சரக்கு. அதைப் பார்த்து இங்கே கடைவீதியில் வாங்க ஆரம்பித்தால், அடிக்கடி வீடு மாறுகிறவருக்கு அது வெறும் சுமை. பதினொரு மாத ஒப்பந்தம் முடிந்து மூட்டை கட்டும்போது பிளாஸ்டிக் எலும்புக்கூட்டையும் ஏற்றியிறக்க வேண்டும். சிரட்டை அடுப்புக்குப் போகும், பாளையும் பப்பாளித் தொலியும் வாழை மூட்டுக்குப் போகும், துவர்த்து துவைத்துக் கொடியில் காயும். சொந்த வீட்டுக்காரர்களும் இதைத்தான் செய்ய வேண்டும் என்பது என் எண்ணம். அவர்களுக்குக் கட்டாயம் இல்லாததால் அவர்கள் கடைக்குப் போகிறார்கள்.

செய்வதற்கு முன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். "சேச்சி, 31-ஆம் தேதி ராத்திரி பிள்ளைகளுக்காகப் படியில நாலு சிரட்டை விளக்கு வைக்கப் போறோம், சுவர்ல ஒண்ணும் ஒட்ட மாட்டோம்" என்று சொன்னால் போதும். பெரும்பாலும் அவரே தன் அடுக்களையில் சேர்த்து வைத்த சிரட்டையை எடுத்துத் தருவார். எதிர்வீட்டிலும் இரண்டு பக்கத்து வீடுகளிலும் சொல்லி, அவர்கள் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். நவம்பர் 1 காலையில் எல்லாவற்றையும் எடுத்து, படியைக் கழுவி விடுங்கள். மறுநாள் கல்லறைத் திருநாள். பூவும் மெழுகுதிரியுமாக ஆட்கள் உங்கள் வாசல் வழியாகத்தான் போவார்கள்.